வழிகாட்டியின் கூலி

எரிமலைமேல் ஏறுவது பாவமா என்று பங்கு இளைஞன் ஒருவன் என்னிடம் கேட்டான். வெளிநாட்டில் பணிபுரியும் அவன், புகை கக்கும் மலையொன்றில் ஒருநாள் நடைப்பயணத்திற்குப் பணம் கட்டியிருந்தான். "வழிகாட்டி இருக்கிறார் சாமி, அவர் பார்த்துக்கொள்வார்" என்றான். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

நியூசிலாந்தில் ஒயிட் தீவு என்னும் எரிமலை கடல் நடுவே நிற்கிறது. 2019 நவம்பர் 18-இல் அதன் எச்சரிக்கைநிலை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்தப்பட்டது, சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9-இல் அது வெடித்தது. அப்போது அங்கிருந்த 47 பேரில் 22 பேர் அன்றும் பின்னரும் மாண்டனர். அவர்களுள் இருவர் வழிகாட்டிகள். தீவின் உரிமை நிறுவனம் குற்றம் புரிந்ததென 2023-இல் தீர்ப்பாயிற்று. நுழைய அனுமதித்தவர் பயணத்தை நடத்தியவராகார் எனக் கூறி, 2025-இல் உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. சட்டம் பொறுப்பை இப்படித்தான் பங்கிட முடியும்.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. பணம் கொடுத்தவன் தன் அச்சத்தையும் சேர்த்து வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிடுகிறான். வழிகாட்டிக்கோ, வாங்கிய பணமே நாவைக் கட்டுகிறது.

சில ஆண்டுகளுக்குமுன், ஓர் ஐப்பசியில், கள்ளக்குறிச்சியிலிருந்து இளைஞர் சிலரைக் கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கு அழைத்துச் சென்றேன். மலையாளி பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கூலி பேசி முன்நடந்தார். ஓடையைக் கடக்குமிடத்தில் அவர் நின்றுவிட்டார். தெளிந்து ஓடிய நீர் கலங்கி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில்.

"மேல மழை பேயுது. திரும்பிடலாம் ஐயா."

பிள்ளைகள் முணுமுணுத்தனர். நானும்தான், சற்றுப் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன். அவர் ஒன்றும் பேசாமல், மடியிலிருந்த எங்கள் பணத்தை எடுத்து என் கையில் வைத்தார். அன்று அவருக்கு வேறு வருமானம் இருந்திருக்காது. திரும்பி நடந்தோம். பணத்தை அவரிடம் மீண்டும் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வெள்ளம் வந்ததா என்று நாங்கள் காணவில்லை; வந்திருக்காது என்று அவ்விளைஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

யோவான் நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் ஓநாயைக் கண்டு ஓடும் கூலியாள் வருகிறான். அதைக்கொண்டு கூலியையே பழித்து நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அந்த ஓடைக்கரைக்குப் பின் அவ்வாறு பேச நா எழவில்லை.

இளைஞனிடம் பாவம் பற்றி நான் ஒன்றும் கூறவில்லை. "பாதிவழியில் உன் வழிகாட்டி திரும்பச் சொன்னால் பணத்தைத் திருப்பிக் கேட்பாயா?" என்றேன்.

நெடுநேரம் யோசித்தான். "பாதியாவது கேட்பேன் சாமி" என்றான்.