முப்பத்தைந்தில் ஒரு பங்கு

என் தங்கையின் மகன் டோஹாவில் கணக்காளராக இருக்கிறான். சென்ற விடுமுறைக்கு வந்தபோது அவனுடைய பெட்டியில், வழமையான அத்தருக்கும் பால்மாவுக்கும் நடுவே, பழைய டீ-ஷேர்ட்டுகளில் சுற்றப்பட்டு ஒரு புல்டோசர் இருந்தது. பாதி முடிந்த பிளாஸ்டிக் மாதிரி. 23 சென்ரிமீற்றர் வரை நீளம். கூடவே மெங் என்ற சீன நிறுவனத்தின் பாகப்பெட்டியும் இருந்தது. அதன் மேல் எழுதியிருந்ததை வாசித்ததும் எனக்கு ஒருமாதிரியாகிவிட்டது. டி9ஆர். 2002 இல் ஜெனின் முகாமிலும், பின்னர் ரபாவிலும் வீடுகளை இடித்த அதே இயந்திரம்.

“இதையா செய்கிறாய்?” என்றேன்.

“மெஷின்தானே மாமா. மெஷின்ல என்ன குத்தம்?” என்றான்.

அவன் ஐவேளைத் தொழுகையாளி. பலஸ்தீனுக்காகப் பணம் சேர்க்கும்போது முதலில் கொடுப்பவன். அவனை ஒரு வசனத்தில் தீர்த்துவிட முடியாது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்தக் கலையை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். யுத்த வாகன மாதிரிகளில் பெருவழக்காயிருப்பது 1/35 அளவு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1961 இல் ஜெர்மானியப் பாந்தர் தாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டும் என்பதற்காக உடலை ஓர் அளவில் அமைத்தது. பிறகு கணக்குப் பார்த்தபோது அது ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்ததாம். ஒரு பற்றரியின் பருமனிலிருந்து பிறந்த விகிதம் இன்று உலகெங்கும் சட்டம் போல நிற்கிறது.

அந்த விகிதத்தில் பிளாஸ்டிக்குக்கு ஒரு தோல்வி உண்டு. மூன்று மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகட்டை முப்பத்தைந்தால் வகுத்தால் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அச்சுக்குள் உருக்கி ஊற்றும் பிளாஸ்டிக்கை அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது. ஆகவே பெட்டியில் வரும் சேறுகாப்பு, கம்பிவலை, கொளுவி எல்லாமே உண்மையை விடத் தடித்தவை. ஆஃப்டர் மார்க்கட் எனப்படும் மேலதிகப் பாகங்களின் வியாபாரம் இந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது. பித்தளைத் தகட்டில் ஒளிப்பட முறையால் வடிவத்தைப் பதித்து, வேண்டாத பகுதியை அமிலத்தில் கரைத்தெடுக்கிறார்கள். மிஞ்சுவது ஒரு சீப்புப் போல, நூற்றுக்கணக்கான நுண்ணிய துண்டுகள் தொங்கும் தகடு. செக் நாட்டின் எடுவார்ட், போலந்தின் அபெர் போன்றவை இதில் பெயர் பெற்றவை. சிலிக்கன் அச்சில் வார்த்த ரெசின் பாகங்கள், அலுமினியத்தில் கடைந்தெடுத்த பீரங்கிக் குழல், ஒவ்வொரு கண்ணியாகக் கம்பி கோத்துப் பூட்டும் உலோகச் சங்கிலிப்பட்டை என்று பட்டியல் நீளும். சில வேளை இவற்றின் விலை மூலப் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும்.

மருமகன் சாவணத்தால் ஒரு பித்தளைத் துண்டைப் பிடித்துக் காட்டினான். அரிசிக் குறுநொய்யின் பாதி இருக்கும். முகப்பு விளக்கின் காப்புக் கூட்டைப் பூட்டும் கொளுவி. அதை நான்கு இடத்தில் மடிக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு மடித்தான். இஷாவுக்குப் பிறகு தொடங்கிய வேலை நடுநிசி வரை நடந்தது. அவன் முகத்தில் இருந்த ஒருமுகத்தை நான் வேறு சிலரிடம் மட்டுமே கண்டிருக்கிறேன்: நல்ல ஹாபிழ்களிடமும், பழைய பொற்கொல்லர்களிடமும். அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அது என்னுடைய பலவீனமாகவும் இருக்கலாம்.

டி9ஆரே ஓர் ஆஃப்டர் மார்க்கட் பொருள் என்பதுதான் இதில் விசித்திரம். அமெரிக்காவின் கற்றர்பில்லர் நிறுவனம் செய்வது மண்ணையும் கல்லையும் தள்ளும் சாதாரண இயந்திரம். அதன் மேல் பதினைந்து தொன் அளவான கவசத்தைப் போர்த்தி, ஓட்டுநர் அறைக்குக் குண்டு துளைக்காத தடித்த கண்ணாடி மாட்டி, பின்னாளில் ரொக்கெட் குண்டுகளைத் தடுக்கும் இரும்புச் சட்டக்கூண்டையும் சேர்த்தது இஸ்ரேல். மேலதிகப் பாகங்கள்தாம் அதை யுத்த வாகனமாக்கின. இஸ்ரேலியப் படையினர் அதற்கு வைத்த செல்லப் பெயர் “டூபி”. கரடிப் பொம்மை என்று அர்த்தம். அறுபது தொன் எடையுள்ள ஒன்றுக்குப் பொம்மையின் பெயரைச் சூட்டியவர்கள் எங்களுக்கு முன்பே விளையாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

மெஷினில் என்ன குற்றம்? மருமகனின் வாதம் எளிமையானது. ஹிட்லரின் டைகர் தாங்கியை உலகெங்கும் செய்கிறார்கள். காந்தக் குண்டு ஒட்டாமலிருக்க ஜெர்மானியர் 1943, 44 இல் தாங்கிகளில் பூசிய சிமெரிற் பசையின் வரிகளைக்கூடப் பொறுமையாகக் கீறுகிறார்கள். அவர்கள் எல்லோரும் நாசிகளா? அல்லர். மார்க்கத்தின் பக்கமும் அவனிடம் ஓர் ஆதாரம் இருந்தது. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, செய்யத்தான் வேண்டுமென்றால் மரத்தையும் ரூஹ் இல்லாதவற்றையும் செய் என்று வழிகாட்டினார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. புல்டோசருக்கு ரூஹ் இல்லை. ஆகவேதான் அவன் பெட்டியில் வந்த மனித உருவத்தை ஒட்டவில்லை.

“இதுக்குள்ள ஆள வெக்க மாட்டன் மாமா. அது கூடாதுதானே” என்றான்.

நான் அந்த வெறும் ஆசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பேணுதல் உண்மையானது. ஆனால் அந்தப் பேணுதலின் விளைவாக இயந்திரத்திலிருந்து ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டார். ஆளில்லாத இயந்திரம் ஒன்று, எதற்கு முன்னும் நிற்காமல், தானாக நிற்கிறது. உயிருள்ளதைச் செய்யாமல் விடுவது ஒன்று. உயிர் போன கதையிலிருந்து உயிருள்ளவர்கள் அனைவரையும் எடுத்துவிடுவது இன்னொன்று. மெஷினில் குற்றமில்லை என்ற தீர்ப்பு, வெறும் ஆசனத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு.

இவ்வளவு நுணுக்கம் எதற்காக என்று கேட்டேன். “எதைச் செய்தாலும் இஹ்ஸானோட செய்யணும்” என்றான். நம்மவர்கள் இந்த ஹதீஸைத் தொழிற்சாலைச் சுவர்களிலும் பாடசாலைப் பரிசளிப்புகளிலும் பாவிப்பார்கள். முஸ்லிமில் பதிவாகியிருக்கும் அந்த ஹதீஸின் பிற்பகுதியை யாரும் சுவரில் எழுதுவதில்லை. எல்லாவற்றிலும் இஹ்ஸான் விதியாக்கப்பட்டிருக்கிறது என்று கூறிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் அறுப்பது. கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்பது கருத்து. கத்தியின் கூர்மை அங்கே கத்திக்காகப் பேசப்படவில்லை. அதைத் தீட்டியவனின் கைத்திறனுக்காகவும் அல்ல. கழுத்தைக் கொடுத்து நிற்கும் பிராணிக்காகப் பேசப்படுகிறது. இஹ்ஸானுக்கு ஒரு முகவரி உண்டு என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இந்தக் கொளுவியை மடிக்கும் இஹ்ஸான் யாருக்குச் சேர்கிறது? அவன் சிறிது நேரம் பேசவில்லை.

மறுநாள் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். ஓட்டுநர் அறையின் பின்சுவர் இன்னும் ஒட்டப்படவில்லை. அந்த வழியால் ஒரு கண்ணை வைத்து முன்கண்ணாடியூடாகப் பார்க்கலாம். கண்ணாடிக்கான மேலதிகப் பாகத் தொகுதியை அவன் பொருத்தியிருந்தான். தடிப்பான சட்டங்கள், ஒடுங்கிய சாளரங்கள். அலகுக்கு முன்னால் ஐந்து சென்ரிமீற்றர் பென்சில் துண்டொன்றை நிறுத்தினேன். 1/35 இல் அது நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதர். அதன் தலை தெரிந்தது. பிறகு அதன் பாதி உயரமான அழிறப்பர் துண்டொன்றை வைத்தேன். உட்கார்ந்திருக்கும் மனிதர். தெரியவில்லை. ஐந்தாறு விரல் தூரம் முன்னே நகர்த்திய பிறகுதான் மேல் விளிம்பு தெரிந்தது.

2003 மார்ச் 16 அன்று ரபாவில் ஒரு மருந்தாளரின் வீட்டுக்கு முன்னால் நின்ற ரேச்சல் கொரி என்ற 23 வயது அமெரிக்கப் பெண் இந்த வகை இயந்திரத்தால் கொல்லப்பட்டார். செம்மஞ்சள் நிற ஒளிர் மேலங்கி அணிந்திருந்தார். அவர் மண்மேட்டின் மேல் ஏறி நின்றார், ஓட்டுநர் கண்டிருக்கவே வேண்டும் என்றனர் கூட இருந்த தோழர்கள். காணவில்லை என்றது இராணுவம். 2012 ஓகஸ்டில் ஹைஃபா நீதிமன்றம் இராணுவத்தின் கூற்றை ஏற்றுக் குடும்பத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2015 இல் உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டை நிராகரித்தது.

மேசைப் பொம்மையூடாக ஒற்றைக் கண்ணால் பார்ப்பது சாட்சியமாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அழிறப்பர் துண்டு மறைந்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் மருமகனின் நேர்த்தி எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு உதவுவதுபோல் தோன்றிய கோபம். பிறகு மெல்ல விளங்கியது. உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பாகமும் அவருடைய பார்வையில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருக்கிறது. காணாமை தற்செயலாக நேர்ந்த ஒன்றல்ல. அது கவசத்தோடு சேர்த்துப் பூட்டப்பட்டது. காண முடியாத ஒன்றைக் குடும்பங்கள் வாழும் வீடுகளுக்கிடையே அனுப்பிவிட்டு, காணவில்லை என்பதை மன்னிப்பாகக் கேட்க முடியுமா? ஓட்டுநர் கண்டாரா என்ற கேள்வியில் நீதிமன்றம் தங்கிவிட்டது. அனுப்பியவர் கண்டாரா என்பதே கேட்கப்பட்டிருக்க வேண்டியது. அதற்கு ஆசனத்தில் மட்டுமல்ல, ஆசனத்துக்குப் பின்னாலும் ஆள் வேண்டும்.

கவசம் போர்த்திய புல்டோசர் நமக்குப் புதியதல்ல. 1991 இல் ஆனையிறவு முகாமைத் தாக்கப் புலிகள் செய்த ஒன்று ஏ9 வீதியோரத்தில் காட்சிக்கு நிற்கிறது. அதை நிறுத்திய படைவீரரின் நினைவிடமும் அருகே உண்டு. யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் நிற்க, சனங்கள் இறங்கிப் படம் பிடிக்கிறார்கள். துருப்பிடித்த தகடும் துளைகளும் நன்றாகப் படத்தில் விழும். உள்ளே எரிந்தவர்களைப் பற்றி நான் நின்ற அரை மணித்தியாலத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

துளைகளைப் பற்றி இன்னொன்று. மாதிரிக் கலையில் இறுதிக் கட்டம் பழுதாக்குவது: துரு, புகைக்கறை, குண்டுத் துளை. மயிர் போன்ற துளைகருவியால் துளையிட்டு ஓரத்தைச் சூட்டுக் கத்தியால் மெலிதாக்குகிறார்கள். தூசிக்கென்று தனியாக நிறத்தூள் விற்கிறார்கள். ஒரு குப்பியின் பெயர் “வளைகுடாப் போர் மணல்”. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் 1990 ஓகஸ்ட் 3 இன் துளைகள் மூடப்படாமல் இருக்கின்றன. அவற்றைச் செய்துகாட்ட எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால் என் மருமகனும் சிறுவனாக நின்றிருக்கிறான், என் விரலைப் பிடித்துக்கொண்டு.

இத்தனைக்கும் பிறகு, விளையாட்டையே வெறுக்கும் கூட்டத்தில் என்னால் சேர முடியாது. அபூதாவூதில் ஒரு செய்தி உண்டு. காற்றில் திரை விலக, ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிகின்றன. நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணித்துண்டுகளால் இரண்டு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று நபிகளார் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று மறுமொழி வருகிறது. கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள் என்று வருகிறது. அந்தத் துணிச் சிறகும் ஒரு மேலதிகப் பாகம்தான். எந்த ஒளிப்படத்தோடும் அளவோடும் பொருந்தாது. ஆனால் அதைத் தைத்த கைக்கு ஒரு கதை தெரிந்திருந்தது, யாருடைய குதிரை என்பதும் தெரிந்திருந்தது.

இதை மருமகனிடம் சொன்னேன். சிரித்தான். பிறகு, “அப்ப இதுக்கு முன்னால என்னத்த வெக்கச் சொல்றீங்க மாமா?” என்று கேட்டான். ஆள் வைக்க மாட்டான்; நான் வற்புறுத்தவுமில்லை. வீடு வை என்றேன்.

வீட்டுக்குப் பெட்டி தேடினோம். இடிந்த வீடுகள் ஏராளம். கீவ் நகரத்து மினிஆர்ட் நிறுவனம்கூட இடிபாடுகளைப் பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறது. அந்த நகரத்தின் மேலேயே 2022 முதல் குண்டுகள் விழுந்தன. அவை எல்லாம் இடிந்த நிலையிலேயே பெட்டியில் வருபவை. இடியாத ரபா வீடு எங்களுக்கு அகப்படவில்லை. டி9ஆரின் ஒவ்வொரு ஆணிக்கும் ஒளிப்படமும் அளவும் இருக்கின்றன. அந்த வீட்டின் குசினி எந்தப் பக்கம், யன்னல்கள் எத்தனை, வாசலில் படி உண்டா என்று பார்த்துச் செய்ய எங்களிடம் ஒன்றுமில்லை.

பயணத்துக்கு முதல் நாள் அஸருக்குப் பிறகு நான் வெளியே வந்தபோது, அவன் எங்கள் வீட்டு முன்வாசலில் குந்தியிருந்தான். கையில் அளவுநாடா. படி ஏழு அங்குலம் என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியில் வகுத்துப் பார்த்தான். ஐந்து மில்லிமீற்றர் வந்தது. கதவின் அகலத்தை அளக்க மறுமுனையைப் பிடிக்கும்படி என்னைக் கூப்பிட்டான்.