தங்குபவனின் கடன்

ஓர் ஊரிற் பல ஆண்டுகள் தங்க நேர்ந்தவன் அவ்வூருக்கு யாது கடன்பட்டவன்? படிப்பின் பொருட்டுப் பேராதனைக்கு வந்து மூன்றாம் ஆண்டில் நிற்கும் எனக்கு இவ்வினா நூலகத்தில் எழவில்லை. வீதியோரத்திற் கட்டியிருந்த வெள்ளைக் கொடிகளைக் கண்டபோதே எழுந்தது.

மெய்யியலார் இதன் ஒரு பாதியைத் தொட்டுள்ளனர். நிரந்தர சமாதானம் பற்றி 1795 இல் வெளியிட்ட நூலில், அந்நிய மண்ணிற் கால்வைப்பவனைப் பகைவனாக நடத்தலாகாது என்கிறார் இமானுவேல் கான்ற். எனினும் அவர் வழங்குவது வருகையாளனின் உரிமையையே. விருந்தினனாக வீட்டினுட் சேர்க்கப்படுவதற்குத் தனியான உடன்பாடு வேண்டும் என்பது அவர் கருத்து. வந்தவன் தன் பங்கிற்கு அமைதியாக நடந்துகொண்டாற் போதும். (தான் பிறந்த நகரைவிட்டு நெடுந்தூரம் செல்லாத ஒருவர் இதனை எழுதினார் என்பது சுவையானது.) ஆனால் நான்கு ஆண்டுகள் தங்குபவன் வருகையாளனும் அல்லன், விருந்தினனும் அல்லன். அவன் வாடகை கொடுப்பவன்.

பண்டைய ஏதென்ஸ் நகரில் இத்தகையோர் தனி வகுப்பினராக இருந்தனர். அவ்வந்நியருள் ஆடவர் ஆண்டுக்கு 12 திராக்மா வரி செலுத்தினர், படையிலும் பணிபுரிந்தனர், பேரவையில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஓரிடத்தில் வசிப்பதால் மாத்திரம் ஒருவன் குடிமகனாகான் என 'அரசியல்' என்னும் நூலில் எழுதிய அரிஸ்ரோட்டிலும், அந்நகரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அந்நியரே. உரிமை தராத ஊருக்குக் கடமை எதற்கு என்று கேட்கலாம். நம்மவரிடையே இக்கேள்வி வலுவுடையது. அதனை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். ஆயின் அரசு தராத ஒன்றிற்காக அயலவனிடம் கணக்குத் தீர்ப்பது எவ்வகை நியாயம்?

என் வாடகை அறைக்கு அருகில் ஒரு தேநீர்க்கடை இருந்தது. நான் வாங்கில் அமருமுன்னரே சீனி குறைத்த தேநீர் வந்துவிடும். ஊர் பழகிவிட்டது என்று வீட்டுக்கு எழுதினேன். கடைக்காரர் என்னை 'மல்லி' என்பார், அதாவது தம்பி. என் பரீட்சைக் காலம் அவருக்குத் தெரியும். அம்மாவின் சுகம் விசாரிப்பார். நான் அவரை 'முதலாளி' என்றேன். இரண்டு ஆண்டுகள் அவ்வளவே.

ஒருநாட் காலை கடை பூட்டியிருந்தது. வீதி நெடுகிலும் வெள்ளைக் கொடிகள். யாருக்கென்று அறிந்தபின்னும் அவற்றின் கீழாக நடந்து விரிவுரைக்குச் சென்றேன். எங்கள் ஊரிற் கலியாணத்துக்குப் போகாதவனை மன்னிப்பார்கள்; செத்தவீட்டுக்குப் போகாதவனை மன்னியார்கள். அதே நான் இங்கு, மொழி போதாது, முறை தெரியாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவற்றைக் கற்க இரண்டு ஆண்டுகள் இருந்தன என்பதை அச்சமாதானம் மறைத்தது. நான் பழகியது அவருடைய தேநீருடன், அவருடன் அன்று. ஊரார் என்னைப் புறத்தே நிறுத்தினர் என்று சொல்ல எனக்கு இங்கு இடமில்லை. அவர் உறவுப்பெயர் சொல்லி அழைத்தார். விலை கொடுப்பவனாகவே நின்றுகொண்டவன் நான்.

இப்போது கடையில் அவருடைய மகன் இருக்கிறார். மூன்றாம் மாதத் தானத்துக்கு வரும்படி சென்ற வாரம் அழைத்தார். யாரென்று வீட்டிற் சொல்வதற்கு என் பெயரைக் கேட்டார், சொன்னேன். பின்னர் அவருடைய தந்தையின் பெயரை நான் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நான் சரியாக உச்சரிக்கும்வரை அதனை இருமுறை சொல்லித்தந்தார்.