துருவும் களிம்பும்: ஒரு பழைய ஜீப்பும் அளவை நூலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிய பின்னும் தோட்டங்கள் சிலவற்றுக்கு மண்பாதையே வழி என்பதால், மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் ஏற்றி இறக்கும் பழைய ஃபோர் வீல் ஜீப்புக்கு அங்கே இன்னும் மதிப்பு உண்டு. அத்தகைய வண்டியை வாங்க வருபவர் முதலில் அஞ்ச வேண்டியது எஞ்சினை அன்று. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம், ஆனால் வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கும் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் உள்ளுக்குள் துருவேறியிருந்தால் அது வளைவில் முறியும் வரை வெளியே தெரியாமலும் இருக்கக்கூடும். ஆகவே வாங்குபவர் முன் நிற்பது, இந்தியத் தருக்க நூலார் நெடுங்காலம் வாதிட்ட கேள்வியே: கண்ணில் படாத ஒன்றை இல்லை என்று எப்போது துணியலாம்?

உண்மையை அறியும் கருவியைச் சைவ சித்தாந்தம் அளவை என்கிறது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், அளவைகள் பத்து வரை எண்ணப்படுவதைச் சிவஞான சித்தியாரில் குறிப்பிட்டு, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். அப்பத்தில் ஒன்றான அபாவம், அதாவது ஒரு பொருள் காணப்படாமையைக் கொண்டு அதன் இன்மையை அறிதல், பாட்ட மீமாம்சகர்க்கும் அத்வைதிகளுக்கும் தனி அளவை. ஆயினும் அப்பொருள் இருந்திருந்தால் தென்பட்டே தீரும் என்னும் சூழலில் மட்டுமே காணாமை சான்றாகும் என்று அவர்களும் வரம்பு கட்டினர். வெளிச்சமான அறையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் அப்படிச் சொல்ல முடியாது. கால்மிதியை எடுக்காமலும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமலும் துரு இல்லை என்று முடிவு செய்பவர் நிற்பது இருட்டறையில்தான்.

காட்சி எட்டாத இடத்தில் கருதல் உதவுகிறது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதே அதற்கு நூல்கள் தரும் உதாரணம். இரும்பு ஈரத்தோடும் காற்றோடும் கூடித் துருவாகும்போது அதன் பருமன் பெருகுவதால் மேலே உள்ள பெயிண்ட் கொப்புளிக்கிறது. இங்கே கொப்புளமே புகை. பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் பிடிப்பு இராது. திருப்புளியின் கைப்பிடியால் சட்டத்தைத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்க, அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். திருப்புளி முனை உள்ளே இறங்கிவிட்டால் அதற்கு மேல் விசாரணை தேவையில்லை. பெட்டி போன்ற சட்டத்தின் வடிகால் துளைகளைச் சேறு அடைத்து, மழை நீரும் மலைப்பனியின் ஈரமும் உள்ளே தேங்குமானால், துரு அகத்தே தொடங்கி வெளிப்புறத்தில் கடைசியாகத்தான் தலைகாட்டும். அடிப்பாகத்தில் அண்மையில் பூசிய கறுப்புப் பெயிண்ட் மட்டும் பிறழக்கூடிய ஏது, அதாவது இரு முடிவுக்கும் இடம் தரும் அடையாளம். வண்டியைப் பேணுபவரும் பூசுவார், மறைப்பவரும் பூசுவார். உரை அளவையைப் பொறுத்தவரை, விருப்பு வெறுப்பு அற்றவர் சொல்லே ஏற்கத்தக்கது என்பதால், விற்பவர் வாக்கைவிட அந்த வண்டிக்கு வெல்டிங் வைத்த பட்டறைக்காரர் வாக்கு பெரிது.

இனி, குறை எங்கிருந்து வருகிறது என்பது கேள்வி. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் சகசம், அதாவது உயிரோடு தொன்றுதொட்டே உடன் உள்ளது என்றும், கன்மமும் மாயையும் ஆகந்துகம், அதாவது பின்னர் வந்து சேர்வன என்றும் சித்தாந்தம் பிரித்துரைத்து, முன்னதற்குச் செம்பில் உள்ள களிம்பை உவமை காட்டுகிறது. துருவும் ஓரளவு அப்படிப்பட்டதே. சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைப்பது போன்ற இரும்புக் கல்லில் இரும்பு ஆக்சிஜனோடு பிணைந்தே இருக்கிறது. கரியின் துணையால் உலையில் பிரித்தெடுத்த பிறகும் மீண்டும் கூடும் நாட்டம் அதை விட்டுப் போவதில்லை, மழையும் சேறும் அந்த நாட்டத்துக்கு வாய்ப்பு அளிக்கின்றன. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தியே மடங்குகிறது என்ற சித்தாந்தக் கொள்கையும் பெயிண்டுக்கும் கிரீசுக்கும் பொருந்திவிடுகிறது. அவை துருவைத் தடுத்து வைக்குமே தவிர, இரும்பின் இயல்பை மாற்றா.

ஆனால் சித்தாந்திகள் இரும்பை விட்டுச் செம்பை எடுத்ததை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. களிம்பு செம்பை மறைக்கிறது; புளியிட்டுத் துலக்கினால் செம்பு மீள்கிறது. இரும்பில் பிறந்த துருவோ பொருக்காக உதிர்ந்து, அடுத்த படலத்தையும் ஈரத்துக்குத் திறந்துவிட்டு, இரும்பையே தின்கிறது. தீவினை செய்தவனை அவன் வினையே அழிக்கும் என்பதற்குப் பௌத்தரின் தம்மபதம் இந்த உவமையைத்தான் கையாள்கிறது. உயிரை நித்தியப் பொருளாகக் கொள்ளும் சித்தாந்தத்துக்கு இந்த உவமை உதவாது, ஏனெனில் மலம் உயிரை மறைக்கலாமே அன்றித் தின்ன முடியாது. கதவின் விளிம்பிலும் பம்பரிலும் படிந்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் கீழே கெட்டி இரும்பு தெரியும் மேல்துரு களிம்பின் இனம். விலையைக் குறைத்துப் பேசி அந்த ஜீப்பை வாங்கலாம். ஸ்பிரிங் பட்டைகள் சட்டத்தோடு பூட்டும் இடத்தில் தகடு மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் அது தம்மபதத்தின் இரும்பு, அந்த வண்டியை எந்த விலைக்கும் அந்த 70 வளைவுகளில் ஏற்றக் கூடாது.