தராசு யார் கையில்?

குருதிச் சிறுதட்டுக்கள் குறையும் நோயை நாம் இங்கு எடுத்துக்கொள்வது வைத்தியக் குறிப்புத் தருவதற்காக அன்று. நோயின் தீமையையும் மருந்தின் தீமையையும் நிறுத்துப் பார்க்கும் உரிமை யாருக்குரியது என்ற அறக்கேள்வியை இந்நோய் தெளிவாக எழுப்புகிறது, அதற்காகவே.

சுகதேகி ஒருவரின் ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரையான சிறுதட்டுக்கள் உள்ளன. காயத்தில் குருதி உறைவதற்கு அடித்தளமிடுபவை இவையே. சிலரது உடலில், காவல் புரிய வேண்டிய எதிர்ப்பாற்றலே இவற்றைப் பகையெனக் கொண்டு அழிக்கிறது. 1950இல் அமெரிக்க வைத்தியர் ஹரிங்டன் இத்தகைய நோயாளியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார்; சில மணி நேரத்தில் அவருடைய சிறுதட்டுக்களும் வீழ்ந்தன. அழிக்கும் காரணி குருதியிலேயே உலவுகிறது என்பது இவ்வாறு புலப்பட்டது.

சிகிச்சைகள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கிறது. பிரெட்னிசொலோன் மலிவானது, விரைவில் பலன் தருவது. நீண்டகாலம் உண்டாலோ முகம் வீங்கும், உறக்கம் கெடும், குருதியில் சர்க்கரை ஏறும், எலும்பு நலியும். மண்ணீரலை அகற்றும் சத்திரசிகிச்சை 1916இல் பிராக் நகர மருத்துவ மாணவர் கஸ்னெல்சனின் யோசனையால் தொடங்கியது. மூவரில் ஏறத்தாழ இருவருக்கு அது நீடித்த பலன் தருகிறது. ஆயினும் கடுந்தொற்றின் அபாயம் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. 2008 முதல் வழக்கிற்கு வந்த எல்ட்ரம்போபாக் போன்றவை சிறுதட்டு உற்பத்தியைத் தூண்டுகின்றன. விலை மிகுதி, ஈரலையும் கண்காணிக்க வேண்டும். எண்ணிக்கை 30,000க்கு மேல் இருந்து குருதிக்கசிவும் இல்லையெனில், வளர்ந்தோர் பலருக்கு மருந்தின்றிக் கவனித்திருத்தலே போதும் என்பர். மருந்து கொடாதிருப்பதும் இங்கே ஒரு சிகிச்சை.

கண்டியை அடுத்த அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா நோக்கிச் செல்லும் மலைப்புறத்தில், கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திக்கும் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கும் இந்நோய் கண்டதாகக் கொள்வோம். ஆய்வுகூடத் தாளில் இருவர் எண்ணிக்கையும் ஒன்றே. வாழ்க்கை ஒன்றா? ஈரச் சரிவில் வழுக்குவதும் தேயிலைக் கிளை கையைக் கீறுவதும் அவளுக்கு அன்றாடம். பரிசோதனைக்காகக் கண்டிக்கோ பேராதனைக்கோ சென்றால் அன்றைய சம்பளம் போகும். அரசாங்க வைத்தியசாலை மருந்துக்குக் காசு கேட்பதில்லை. இழந்த நாளுக்கு ஈடு தருவதுமில்லை. "கவனித்திருப்போம்" என்ற ஒரே அறிவுரை ஆசிரியருக்கு நிம்மதி, அவளுக்கு ஆபத்தாகலாம்.

நோயாளிக்கு என்ன தெரியும், வைத்தியரே தீர்மானிக்கட்டும் என்பார் உளர். மருந்து உடலில் என்ன செய்யும் என்பதை அறிந்தவர் வைத்தியர். எந்தத் தீங்கைத் தாங்கி உழைத்து வாழ முடியும் என்பதை அறிந்தவர் நோயாளி. இரண்டும் அறிவே. ஒன்றை விட்டு மற்றொன்று நிறுக்குமானால் தராசு சாயும். அவளுடைய மொழியில் விளக்காமல் பெறும் சம்மதம் சம்மதமன்று, வெறும் கையெழுத்து.

தட்டில் வைக்க மருந்தே நம்பகமாக இல்லையெனில் என்ன செய்வது? கடும் குருதிப்பெருக்கில் சிறுதட்டுக்களை விரைந்து உயர்த்தப் பயன்படுவது இம்யூனோகுளோபுலின். 2023இல் இலங்கை வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட அம்மருந்தில் தரமற்றவை கண்டறியப்பட்டன. அது தொடர்பில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானார். தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது, படிப்பினை நமக்குரியது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக பிபிலே, தரமான மருந்தை மக்களுக்கு நியாய விலையில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்று வாதாடினார். அந்தக் கடமை தவறும்போது நோயாளியின் தெரிவு பெயரளவில் எஞ்சுகிறது.

ஆகவே, தெரிவு செய்யும் சுதந்திரம் தனிமனிதனின் மனத்தில் மட்டும் பிறப்பதில்லை. புரியும் மொழியில் விளக்கம், சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை, நம்பத்தகுந்த மருந்து: இம்மூன்றும் வாய்த்த பின்னரே நோயாளி தராசைக் கையிலெடுக்க முடியும். அம்மூன்றையும் வென்று தருவது வைத்தியரால் மட்டும் ஆகும் காரியமன்று. அது நம் எல்லோருக்கும் உரிய பணி.