எறிந்தவர்கள் ஏற்றிய விலை

ஒரு பொருளின் மதிப்பு அதற்குள் இருக்கிறதா, அதைச் சூழ்ந்த உலகில் இருக்கிறதா? 1856இல் இங்கிலாந்திலிருந்து தபால்தலைகள் வரத் தாமதமானதால், பிரிட்டிஷ் கயானாவில் உள்ளூர் அச்சகம் ஒன்று ஒரு சென்ட் தலையை அவசரமாக அச்சிட்டது. செய்தித்தாள் அனுப்ப ஒட்டப்பட்ட அதை, பெற்றவர்கள் எறிந்துவிட்டார்கள். 1873இல் ஒரு சிறுவன் கண்டெடுத்து, சில ஷில்லிங்குக்கு விற்ற ஒன்றே எஞ்சி, 2014இல் சுமார் 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே தாள்தான், மற்றவை அழிந்ததால் அரிதாயிற்று. எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதுவும் அரிதாகாது. 1990களில் அமெரிக்கர்கள் பீனி பேபி பொம்மைகளை அட்டைகூடக் கழற்றாமல் காத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று சீந்துவாரில்லை.

எது மதிப்புப் பெறும் என்பதைத் தேர்ந்த ரசிகர் முன்கூட்டியே அறிவார் என்று மறுக்கலாம். பழைய பைப் புகையிலை சேர்ப்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மூடிய டப்பாவில் வர்ஜீனியா இலை ஆண்டுக்கணக்கில் பதப்படும், லடாகியா வகை இலையின் புகைமணம் மங்கும். உண்மையான அறிவுதான், மதிக்கிறேன். ஆனால் அது சுவையைப் பற்றியது. கான்சாஸ் சிட்டியின் மெக்லெலண்ட் புகையிலை நிறுவனம் 2018இல் மூடப்பட்டபின் அதன் டப்பாக்களின் விலை ஏறியது. 1990களில் அவற்றை வாங்கியவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? உச்சம் தொட்ட பொருளுக்கும் உறுதியில்லை: அந்தக் கயானா தபால்தலையே 2021இல் சுமார் 83 லட்சம் டாலருக்குத்தான் விலைபோனது. புகையிலையில் சிக்கல் இன்னும் ஆழமானது. டப்பாவைத் திறந்தால் சந்தை மதிப்பு சரிகிறது. திறக்காவிட்டால், எதற்காக அந்த இலை பதப்படுத்தப்பட்டதோ அந்தப் பயன் நிறைவேறுவதே இல்லை.