கடலிடம் கேட்ட மருந்து

மீன் அதிகம் சாப்பிடும் நாடுகளில் மனச்சோர்வு குறைவு என்று 1998-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசப் ஹிப்பெல்ன். ஒன்பது நாடுகளை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு எவ்வளவு மீன், நூற்றுக்கு எத்தனை பேருக்கு மனச்சோர்வு என்று வரைபடத்தில் குறித்தார். ஜப்பானில் 0.12 சதவீதம், நியூசிலாந்தில் 5.8. மற்ற நாடுகள் இடையில் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து அமர்ந்தன. மனநோயை வாய்விட்டுச் சொல்ல ஜப்பானியர் எவ்வளவு கூசுவார்கள் என்பதற்கு அந்தக் கோட்டில் இடமில்லை. அதே 1998-இல்தான் ஜப்பானில் தற்கொலைகள் முதன்முறையாக முப்பதாயிரத்தைத் தாண்டின. அதற்கும் இடமில்லை.

அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ஸ்டோல் என்ற ஹார்வர்டு மருத்துவரின் சோதனை வெளியானது. இருமுனைக் கோளாறு உள்ள முப்பது பேரில் ஒரு பிரிவுக்குத் தினம் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு 9.6 கிராம், மறுபிரிவுக்கு ஆலிவ் எண்ணெய். நான்கு மாதத்தில் ஒமேகா-3 பிரிவினர் தெளிவாகவே நலமாக இருந்தார்கள். முப்பது பேரை வைத்து நடந்த ஒன்றை ஆராய்ச்சிக்காரர்கள் தொடக்கம் என்பார்கள். கடைக்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த வகைச் சோதனைகளில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு தொல்லை உண்டு. மீன் எண்ணெய் விழுங்கியவருக்கு மீன் வாடையோடு ஏப்பம் வரும். தனக்குக் கிடைத்தது மருந்தா போலியா என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று எவ்வளவு கவனமாக ஏற்பாடு செய்தாலும் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். ரத்த அழுத்தம் என்றால் கருவியை வைத்து அளக்கலாம். மனச்சோர்வை நோயாளியைக் கேட்டுத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. நிஜ மருந்து கிடைத்துவிட்டது என்று நம்புகிறவர் கொஞ்சம் தேவலை என்றுதான் சொல்வார்.

பிறகு மனச்சோர்வுக்கான சோதனைகள் பெருகின. 2015-இலும் 2021-இலும் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள், பலன் ஏதோ இருக்கிறது, ஆனால் நோயாளி உணரும் அளவுக்கு இருக்குமா என்பது சந்தேகம், சான்றுகளும் வலுவற்றவை என்று எழுதினார்கள். 2021 டிசம்பரில் 'ஜாமா' இதழில் வந்தது அமெரிக்காவின் பெரிய சோதனை. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 18,353 பேர், ஐந்து ஆண்டுகளுக்கு மேல். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் மீன் எண்ணெய்ப் பிரிவில் 13.9, போலி மாத்திரைப் பிரிவில் 12.3. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து மீன் எண்ணெய் சோர்வைத் தருகிறது என்பது அவசரம். தடுக்கிறது என்பது பொய்.

ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவருக்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து, இ.பி.ஏ. என்ற கொழுப்பு கூடுதலாக உள்ள மாத்திரை ஓரளவு உதவலாம் என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புட்டியின் மேல் அச்சாகியிருப்பது அவர்களுடைய தயக்கம் அல்ல. 1994-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, துணை உணவு விற்பவர் 'மனநிலைக்கு உறுதுணை' என்று எழுதிக்கொள்ளலாம். 'மனச்சோர்வைக் குணப்படுத்தும்' என்று எழுதக் கூடாது. எந்த நோயையும் குணப்படுத்த இது உரியதல்ல என்ற வாசகத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும். சட்டம் இரண்டையும் ஒரே புட்டியில் அனுமதிக்கிறது. எந்த வாசகம் பெரிய எழுத்தில் இருக்கும் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் தூளுக்காகவும் இந்த எண்ணெய்க்காகவும் பெரு நாட்டுக் கடலோரத்தில் நெத்திலி இனத்து மீன்களை லட்சக்கணக்கான டன் அள்ளுகிறார்கள். இத்தனைக்கும் அந்தக் கொழுப்பை உண்டாக்குவது மீன் அல்ல, நுண்பாசி.

மீனைத் தாண்டி, பழுப்புக் கடற்பாசியின் ஃபுகோய்டான், ஃபுகோசாந்தின் போன்ற பொருள்களும் மனச்சோர்வுக்கு ஆகும் என்று ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் நோயாளி ஓர் எலிதான். எலியைச் சோதிக்கும் முறை ரோஜர் போர்சோல்ட் என்பவர் 1977-இல் வகுத்தது. ஏற முடியாத கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி எலியை அதில் விடுவார்கள். ஆறு நிமிடம். கடைசி நான்கு நிமிடத்தில் எவ்வளவு நேரம் நீந்தாமல் மிதந்தது என்று கணக்கெடுப்பார்கள். மிதந்தால் நம்பிக்கை இழந்துவிட்டது. நீந்திக்கொண்டே இருந்தால் மருந்து வேலை செய்கிறது. தப்ப வழியில்லை என்று கண்டுகொண்டு பலத்தைச் சேமித்து மிதந்த எலி விவேகமுள்ள எலியாகவும் இருக்கலாமே என்று பல ஆய்வாளர்கள் கேட்டாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் இந்தச் சோதனைக்குத் தடையே போட்டது. கடற்பாசியிலிருந்து எடுத்ததை மனிதத் துயரத்துக்கு மருந்தாக்கும் வழி இன்னமும் அந்தக் குவளைத் தண்ணீரைத் தாண்டவில்லை.

கடல் மருந்தே தராது என்பதல்ல. 1969-இல் அங்கீகாரம் பெற்ற ரத்தப் புற்றுநோய் மருந்து சைட்டரபின், கரீபியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட மூலக்கூறுகளைப் பார்த்துச் செய்தது. கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு 2004-இல் கடும் வலிக்கு மருந்தானது. தண்டுவட நீரில் செலுத்துவார்கள். மனத்தை அது தொடாமல் இல்லை. கடுமையான மனநலக் குலைவு வரலாம் என்பதுதான் அதன் முதல் எச்சரிக்கை. மனநிலைக் கோளாறுக்கென்றே அங்கீகாரம் பெற்ற கடல் மருந்து இன்று ஒன்றுகூட இல்லை.

இருமுனைக் கோளாறுக்கு நெடுநாளாக நின்று பயன் தருவது லித்தியம். பாறையிலிருந்தும் உப்பு ஏரிகளிலிருந்தும் எடுக்கிறார்கள். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அதன் பயனை வெளியிட்டார். லித்தியம் ஏற்றிய கினிப் பன்றிகள் அடங்கிக் கிடந்ததைப் பார்த்துத்தான் மனிதருக்குக் கொடுத்தார். அவை அடங்கியது நஞ்சேறியதால் என்றே இன்று பலர் கருதுகிறார்கள். தவறாகப் புரிந்துகொண்ட விலங்குச் சோதனையிலிருந்து சரியான மருந்து கிடைத்த அபூர்வம் அது. தனிமம் என்பதால் யாரும் அதற்குக் காப்புரிமை கேட்க முடியாது, விலையும் மலிவு, விளம்பரம் செய்ய ஆளில்லை. கடல்நீரிலும் லித்தியம் உண்டு, லிட்டருக்கு 0.18 மில்லிகிராம் அளவில். ஒருவரின் ஒரு நாள் மாத்திரைக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் கடல்நீர் வேண்டும்.

லித்தியமோ வேறு மனநல மருந்தோ சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், மீன் எண்ணெய்ப் புட்டியை நம்பி அதை நிறுத்த விடாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும். மத்தி மீன் சாப்பிட யாரையும் கேட்க வேண்டியதில்லை.