எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பாரோயிலும் சுற்று வட்டாரத்திலும் கடை நடத்தும் நம்மில் பலர், பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்க்க எண்ணுகிறோம். நம் மாநிலத்திலேயே மந்தினில் 1991இல் கோலேஜ் துவாங்கு ஜாஃபரும், பண்டார் என்ஸ்டெக்கில் 2014இல் எப்சம் கல்லூரியும் தொடங்கப்பட்டன. சிறிய பள்ளிக்கூடங்கள் வேறு பலவும் உண்டு. முன்பெல்லாம் யு.பி.எஸ்.ஆர். சோதனையில் எத்தனை ‘ஏ’ என்று கேட்டே ஒரு பள்ளிக்கூடத்தை எடை போட்டுவிடுவோம். அச்சோதனை 2021இலும், பி.டி.3 சோதனை 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டன. எடைக்கல் கையை விட்டுப் போனதால், கட்டடத்தையும் சீருடையையும் பார்த்து மயங்குகிறோம்.

பிள்ளைகளைச் சொந்தமாக யோசிக்கப் பழக்குகிறோம் என்று சில பள்ளிக்கூடத்தார் சொல்லும்போது நம்மவர்களுக்கு ஓர் அச்சம் வருகிறது. ‘இன்று வாத்தியாரைக் கேள்வி கேட்பவன் நாளை அத்தாவைக் கேட்பான், அதற்கு மறுநாள் மார்க்கத்தையே கேட்பான். பிறகு ஈமான் என்னாவது?’ இது அலட்சியம் செய்யத்தக்க அச்சமல்ல. போன பணத்தைச் சம்பாதிக்கலாம். போன ஈமானை எந்தச் சந்தையில் வாங்குவது?

ஆனால் திருமறையைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் நட்சத்திரம், சந்திரன், சூரியன் ஒவ்வொன்றையும் நோக்கி, மறைந்து போவது இறைவனாகாது என்று எடுத்துக்காட்டிய வரலாறு ஸூரத்துல் அன்ஆமில் இருக்கிறது. மரித்தவர்களை எவ்விதம் உயிர்ப்பிக்கிறாய் என்று அவர்கள் தம் ரப்பிடமே கேட்டது ஸூரத்துல் பகராவில் இருக்கிறது. உமக்கு நம்பிக்கையில்லையா என்ற வினாவுக்கு, நம்பிக்கை உண்டு, உள்ளம் அமைதியுறவே கேட்டேன் என்ற கருத்தில் விடை சொன்னார்கள். அல்லாஹ் கோபிக்கவில்லை, நான்கு பறவைகளைக் கொண்டு விளங்க வைத்தான். மூதாதையர் செய்ததையே செய்வோம் என்று சிந்திக்க மறுத்தவர்களைத்தான் திருமறை கண்டிக்கிறது.

கேள்விக்கும் ஓர் அதபு உண்டு. ஹிஜ்ரி 2இல் பத்ரில் பாளயம் இறங்கியபோது ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள், இவ்விடம் வஹீயினால் வந்ததா, யுத்த யோசனையா என்று முதலில் விசாரித்தார்கள். யோசனைதான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய பின்னரே, கிணறுகளுக்கு அருகே செல்வது நலம் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்று இடத்தை மாற்றியதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. வஹீ என்றால் பணிவு. மனித யோசனை என்றால் ஆராய்ச்சி. இந்தப் பாகுபாட்டைப் படித்த பிள்ளை எங்கே போனாலும் நிற்பான். கேள்வியே கேட்டறியாத பிள்ளைதான், வெளியூர்க் கல்லூரியில் யாரோ கேட்கும் முதல் கேள்வியிலேயே தடுமாறுவான்.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களும் நம்மைப் போல் வியாபாரிதான்; கூஃபாவில் பட்டுத் துணி விற்றவர்கள். அவர்களிடம் ஓதிய இமாம் அபூ யூசுஃபும் இமாம் முஹம்மதும் பல மஸ்அலாக்களில் உஸ்தாதுக்கு மாற்றமாகச் சொன்னார்கள். அவை ஹனஃபி கிதாபுகளில் இமாமின் சொல்லுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் இமாம் மாலிக்கிடம் ஓதியவர்கள். பல விஷயங்களில் அவர்களுக்கு வேறுபட்டவர்கள். நம்மில் ராவுத்தர்மார் பெரும்பாலும் ஹனஃபி. மரைக்காயர்மாரும் மலாய்ச் சகோதரர்களும் ஷாஃபி. உஸ்தாதை மதித்தபடியே தம் அபிப்பிராயத்தைச் சொன்ன மாணவர்கள் இல்லாவிட்டால் நம் மத்ஹபுகள் ஏது?

ஆகவே சேர்க்குமுன் சோதித்துப் பாருங்கள். அரிசி வாங்கும்போது சாக்கின் முத்திரையையா பார்க்கிறோம்? குத்தூசி விட்டு நாலு மணியை உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கிறோம். அதுபோல வகுப்பு நடக்கும் வேளையில் போங்கள். புரியவில்லை என்று ஒரு பிள்ளை கை தூக்கினால் ஆசிரியர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். நாலைந்து பிள்ளைகளின் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் கரும்பலகையின் வாசகமே இருக்கிறதா, அவரவர் சொந்த வாக்கியம் இருக்கிறதா? கல்வி அமைச்சில் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே வாரம் 2 மணி நேரமாவது இஸ்லாமியப் பாடம் நடத்த வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். அதை யார் நடத்துகிறார், பிள்ளைகளின் ஐயங்களுக்கு விடை சொல்கிறாரா என்றும் கேளுங்கள். பெண் பிள்ளைக்கும் இதே சோதனைதான். அவளுக்கு இது போதும் என்று மட்டமான சரக்கைத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. மாதந்தோறும் வெள்ளியைக் கொட்டிப் பள்ளியில் யோசிக்கப் பழக்கிவிட்டு, வீட்டில் ‘வாயை மூடு’ என்றால் முதலும் நஷ்டம், லாபமும் நஷ்டம். மார்க்க விஷயத்தில் நமக்கு விடை தெரியாவிட்டால், ‘வா, ஆலிமிடம் கேட்போம்’ என்று கையைப் பிடித்து அழைத்துப் போவதே தகப்பனுக்கு அழகு.

கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் சகோதரர்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். 1960இல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது. ஒருவரால் ஆகாதது கூட்டத்தால் ஆயிற்று. பள்ளிக்கூடம் கட்ட நம்மால் இயலாவிட்டாலும், வாரத்தில் ஒரு நாள் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பிள்ளைகளை உட்கார வைத்து அவர்கள் கேள்விகளைக் கேட்க நம்மால் இயலாதா? அரசாங்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அது போதிய துணையாகும்.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயன் தரும் கல்வியையும், சிந்திக்கும் உள்ளத்தையும், அசையாத ஈமானையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.